நாற்பதாவது நிமிடம்

காலை ஆறு மணிக்குச் சமையலறைச் சுவரில் இருக்கும் திரை தானாக விழித்துக்கொள்ளும். பால் பொங்கி வருவதற்குள் வீட்டில் இருக்கும் இருவரின் முந்தைய நாள் அளவுகளையும் காட்டி முடித்துவிடும். கோதை, வயது பதினாறு: உடல்வெப்பம் சரி, நாடி சரி, உறக்கம் ஏழு மணி நேரம். தமயந்தி, வயது நாற்பத்தெட்டு: உடல்வெப்பம் சரி, நாடி சற்று அதிகம், உறக்கம் இரண்டே முக்கால் மணி நேரம், நிம்மதி பூஜ்யம். அந்தக் கடைசிச் சொல் மட்டும் சிவப்பில் வரும். தமயந்தி அதைப் பார்ப்பதில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்பாள். மகள்தான் விரலால் தள்ளி அதை மறையவைப்பாள்.

அந்தச் சித்திரை மாதக் காலையில் அளவுகளுக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. “உங்கள் முறை: நிம்மதித் தலம் 14. ஞாயிறு மாலை 3.20 முதல் 3.50 வரை.” ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வரும் வரி அது. கோதை உரக்கப் படித்தாள். தமயந்தி பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, ஞாயிறு தனக்கு வேலை இருக்கிறது, முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். போன தடவையும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அவர்கள் இருந்தது சென்னைக்குத் தெற்கே, கல்மேடு குடியிருப்பில், முப்பத்தோராவது மாடியில். பதினெட்டுக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் நாற்பது மாடி. கோபுரங்களின் நடுவே இருக்கும் குளிர்நிலையம் பெரிய குழாய்கள் வழியே எல்லா வீடுகளுக்கும் குளிர்நீரை அனுப்பிக்கொண்டிருந்தது. தமயந்திக்கு அங்கே வால்வுப் பிரிவில் வேலை. அந்தக் குழாய்களின் இரைச்சல் சுவர்களுக்குள் ஓயாமல் ஓடும். அது நின்றால் மனிதர்கள் சாவார்கள். பெருவெப்ப ஆண்டில் அப்படித்தான் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐந்து வயதைத் தாண்டிய எல்லோர் மணிக்கட்டிலும் நாடிவளை வந்தது. உடம்பு சூடேறினால் எச்சரிக்கும். மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை அழைக்கும். கழற்றி வைத்தாலும் பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்.

வளைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நாடி, மூச்சு, தோலின் ஈரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ஒருவர் நிம்மதியாக இருக்கிறாரா என்று அதனால் சொல்ல முடிந்தது. திறந்த வெளியில் ஒரே இடத்தில் ஒருவர் தொடர்ந்து நாற்பது நிமிடம் நிம்மதியாக இருந்துவிட்டால், வளையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதே நொடியில் நிம்மதித் துறையின் வரைபடத்திலும் ஒரு பச்சைப் புள்ளி விழும். சில நாட்களில் ஆட்கள் வந்து அளப்பார்கள். சில மாதங்களில் அங்கே பாதையும் கம்பி வேலியும் நுழைவாயிலும் வந்து, அந்த இடம் ஓர் எண்ணைப் பெற்று, நகரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் முறைவைத்து அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கொடுக்கப்படும்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. பெருவெப்ப ஆண்டுக்குப் பிறகு நகரில் மிஞ்சிய நிழலையும் நீரையும் வசதி படைத்தவர்கள் மதில் எழுப்பி வளைத்துக்கொண்டார்கள். ஏரிக்கரைகள் கேளிக்கை மன்றங்களுக்குள் போயின. தோப்புகள் பங்களாக்களுக்குள் போயின. இனி எந்த நிம்மதியும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று சட்டம் சொன்னது. அது நியாயமானது என்று கோதை பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். எழுதியதை அவள் நம்பவும் செய்தாள். ஆனாலும் கடந்த ஒரு வருடமாக அந்தச் சட்டத்துக்குத் தெரியாமல் ஓர் இடத்தை ஒளித்துவைத்திருந்தாள்.

அவள் அண்ணன் இனியன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்கு. ஒரு மே மாத மதியம் வளை இரண்டு முறை எச்சரித்தும், இன்னும் இரண்டே வீடுதான் என்று வண்டியை ஓட்டியிருக்கிறான். மேம்பாலத்தின் கீழே விழுந்தவனை ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்து எடுத்தது. ஏழு நிமிடம் அதிகமாகிவிட்டது. அவனுக்கு இருபத்திரண்டு வயது. தமயந்தி அதன்பிறகு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. அவன் படுக்கையை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தார்கள். பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

கோதை அந்த இடத்தைக் கண்டது தற்செயலாக. போன வருடம் பள்ளியில் ஆண்டுத் தேர்வு முடிந்த நாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கடைசிக் கோபுரத்தின் பின்னால் போனால், கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அப்பால் மதில் இடிந்திருந்தது. அதற்கு அப்பால் சீமைக்கருவேலங் காடு. ஒரு கீரி சாவகாசமாக அதற்குள் நுழைந்து போயிற்று. அது போன தடத்திலேயே குனிந்து நடந்தாள். இருநூறு அடி போனதும் முள் விலகியது. தரையும் அங்கேயே முடிந்தது.

கீழே ஒரு பள்ளம். கல்மேடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த நகரத்தைக் கட்டுவதற்காக ஒரு குன்றையே உடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். குன்று நின்ற இடத்தில் இப்போது நூறடி ஆழத்துக்குக் குழி இருந்தது. குழியின் பாதிக்கு மேல் தண்ணீர். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மயில் கழுத்துக்கு இருக்கும் நிறம். வெட்டிய பாறை அடுக்கடுக்காகப் படிபோல இறங்கிற்று. வெடி வைக்கத் துளைத்த துளைகள் பாதியாகப் பிளந்து, பாறை முகமெங்கும் நெடுக்கில் கோடுகளாக நின்றன. அவற்றுக்குள் மண் சேர்ந்து பெரணி முளைத்திருந்தது. ஓர் இச்சி மரம் பாறையின் நெற்றியில் பற்றிக்கொண்டு, நாற்பது அடி நீளத்துக்கு வேரைத் தண்ணீர்வரை இறக்கியிருந்தது. யாரும் நடவில்லை, யாரும் ஊற்றவில்லை. மனிதர்கள் தோண்டித் தூக்கிப்போட்டுவிட்டுப் போன ஒரு காயத்தை மழையும் பறவை எச்சமும் சேர்ந்து ஐம்பது அறுபது வருடத்தில் இப்படி ஆக்கியிருந்தன.

அவள் பாறைப் படிகளில் இறங்கித் தண்ணீருக்கு மேலே இருந்த ஒரு தட்டையான பாறையில் உட்கார்ந்தாள். குழிக்குள் மேலே இருந்ததைவிட நன்றாகவே குளிர்ந்திருந்தது. முதலில் எதுவோ குறைவதுபோல இருந்தது. என்னவென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குழாய்களின் இரைச்சல் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு நொடியும் நிற்காத சத்தம் அது. அது நின்ற இடத்தில் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. பாறையிலிருந்து நீர் சொட்டுவது, தவளை ஒன்று குதிப்பது, எங்கோ மேலே ஒரு மீன்கொத்தி கத்திக்கொண்டு போவது. தகைவிலான் குருவிகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தன. தன் மூச்சுச் சத்தத்தையும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டாள்.

“இனியா” என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணன் என்று கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்காது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பாறை அந்தப் பெயரை வாங்கி, எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்து, இன்னொரு முறை திருப்பிச் சொல்லிற்று. கோதை அன்றைக்கு நெடுநேரம் அழுதாள். அவன் போன பிறகு அதுதான் முதல் முறை. அழுதுகொண்டிருந்ததால் வளையில் பச்சைப் புள்ளி எரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்பது வீட்டுக்கு வந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

அதன்பிறகு அவள் கணக்காக நடந்துகொண்டாள். பள்ளி விட்டதும் வருவாள். உட்கார்ந்து, நேரம் பார்த்து, முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுந்துவிடுவாள். பாறைப் படிகளில் மேலே ஓடி, மறுபடி கீழே ஓடி வருவாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வளை அதுவரை சேர்த்த நிமிடங்களை அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். பிறகு இன்னொரு முப்பத்தைந்து. சில நாட்களில் ஓடச் சோம்பலாக இருக்கும். அப்போது வரப்போகும் கணிதத் தேர்வை நினைத்துக்கொள்வாள். அதுவே போதுமானதாக இருந்தது. நிம்மதியைக் காப்பாற்ற அவ்வப்போது நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருப்பது அவளுக்கே சிரிப்பை வரவழைத்தது.

ஒரு வருடத்தில் அந்தக் குழி அவளுக்கு மனப்பாடமாயிற்று. நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் நிழல் தண்ணீரை மூடும். ஐப்பசி மழையில் தண்ணீர் மூன்று படி ஏறும். மாசிக்குள் அந்த மூன்றும் இறங்கிவிடும். வடக்குச் சுவரின் பிளவில் ஒரு கொம்பன் ஆந்தை இணை இருந்தது. மார்கழியில் அவை முட்டையிட்டன. இரண்டு குஞ்சுகள் பஞ்சு உருண்டைகளாக விளிம்புக்கு வந்து, தலையை வட்டமாகச் சுழற்றி அவளைப் பார்த்தன. பெரிய ஆந்தை ஒருமுறை அவள் தலைக்கு மேல் சிறகு சத்தமே இல்லாமல் தாழப் பறந்தது. அவ்வளவு பெரிய பறவை காற்றில் ஓர் ஓசையும் எழுப்பாமல் போனதை அவளால் பல நாள் நம்ப முடியவில்லை.

பள்ளியில் அவளுடைய மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க முடிந்தது. அம்மா பேசாமல் இருப்பதைக் கோபப்படாமல் பார்க்க முடிந்தது. அவளுக்கு அது போதும் என்றிருந்தது.

அந்தச் சித்திரையில், முறை அறிவிப்பு வந்த அதே வாரம் புதன்கிழமை, தமயந்தி வால்வு மேடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பேசிய மருத்துவர், மூன்று வருடமாக இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்காத உடம்பு இது, மாத்திரையும் இனிக் கேட்காது என்றார். இந்த மாதத்துக்குள் மாற்றம் இல்லையென்றால் வேலையிலிருந்து நிறுத்தி ஆறு வாரம் உறக்க விடுதிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முறையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்றும் சொன்னார். தமயந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உறக்க விடுதியில் ஆறு வாரம் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் அவளுடைய பயமாக இருந்தது.

ஞாயிறன்று இருவரும் நிம்மதித் தலம் பதினான்குக்குப் போனார்கள். அது ஓர் ஏரிக்கரை. ஐம்பது பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டார்கள். எண் போட்ட இருக்கைகள். மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் புல்லாங்குழல் ஓடியது. ஏரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் தண்ணீரைப் பார்க்காமல் வளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தியும் அப்படித்தான். நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவோ முயன்றாள்; முயன்று முயன்று நெற்றி நடுவில் இருந்த மடிப்பு இன்னும் ஆழமாயிற்று. அரைமணி முடிந்ததும் எழுந்து, “சரி, வா, போலாம். பூஜ்யம்தான்” என்றாள். வளையைத் திருப்பிக் கோதையிடம் காட்டவும் செய்தாள். மதிப்பெண் குறைந்த குழந்தை தாளைக் காட்டுவதைப் போல இருந்தது அது.

திரும்பி வரும் பேருந்தில் கோதை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வருடமாக அவள் ஓர் இடத்தை யாரிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். துறையிடமிருந்து என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் மாலையில் அங்கே போய்ச் சேர்த்துக்கொண்டு வந்த நிம்மதியை, தூக்கமில்லாத இந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒளித்திருக்கிறாள். குடியிருப்பு வாசலில் இறங்கியதும் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“வீட்டுக்கு அப்புறம் போலாம்மா. என்கூட ஒரு இடத்துக்கு வா.”

எங்கே என்று தமயந்தி கேட்டாள். தொட்டிகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கெல்லாம் என்னடி வேலை உனக்கு என்று கேட்டாள். முள்ளில் புடவைத் தலைப்பு சிக்கியபோது கோதை நின்று பொறுமையாக எடுத்துவிட்டாள். விளிம்பில் வந்து நின்றதும் தமயந்தியின் கேள்விகள் நின்றுவிட்டன.

இறங்கும்போது கோதை முன்னால் போய் ஒவ்வொரு படியிலும் கை கொடுத்தாள். தட்டையான பாறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மணி நாலே முக்கால். நிழல் தண்ணீரை மூடிவிட்டிருந்தது. குருவிகள் வந்திருந்தன. தமயந்தி நெடுநேரம் அந்த இச்சி வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது பார் என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். குழாய்களைப் பார்த்துப் பழகிய கண். மேலிருந்து கீழ்வரை அது எந்தெந்தப் பிளவில் நுழைந்து வளைந்து வருகிறது என்று விரலால் தடம் பிடித்துப் பார்த்தாள்.

“இங்க வந்து என்ன பண்ணுவ?” என்று கேட்டாள் பிறகு.

“ஒண்ணும் பண்ண மாட்டேன். உக்காந்திருப்பேன். சில நாள் இனியன்கிட்ட பேசுவேன்.”

அந்தப் பெயர் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. கோதை அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்து தண்ணீரைப் பார்த்தாள். தமயந்தி கால்களை நீட்டிக்கொண்டு, பின்னால் இருந்த பாறையில் சாய்ந்தாள். அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் காணாமல் போய்விட்டான் என்று மெல்லச் சொல்லத் தொடங்கினாள். கோபுரம் முழுக்கத் தேடினார்களாம். லிஃப்டை நிறுத்தினார்கள், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், அப்போது உயிரோடிருந்த அப்பா வெளிவாசல்வரை ஓடினார். கடைசியில் பார்த்தால் துவைத்து உலர்ந்த துணிக்கூடைக்குள், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அத்தனை பேர் கூச்சல் போட்டும் அவன் எழுந்திருக்கவில்லை.

“எங்க வேணாலும் தூங்குவான்டி அவன். அப்படி ஒரு தூக்கம்” என்றாள். கோதை முதல் முறையாக அதைக் கேட்கிறாள். அப்புறம் என்ன ஆயிற்று, அடித்தாயா என்று கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தமயந்தி தூங்கிவிட்டிருந்தாள்.

கோதை அசையாமல் இருந்தாள். அம்மாவின் மடியில் கிடந்த கையில் வளை மங்கலாக ஒளிர்ந்து, எண்ணத் தொடங்கியிருந்தது. மூன்று நிமிடம். ஐந்து. பதினொன்று. ஒரு தட்டான் வந்து தமயந்தியின் கட்டைவிரலில் உட்கார்ந்தது, போயிற்று. நெற்றியின் மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்வதைக் கோதை பார்த்தாள். அந்த மடிப்பு இல்லாத முகத்தை அவள் மறந்தே போயிருந்தாள். வாய் சற்றே திறந்திருந்தது. குளிர்நிலையத்தில் ஆளுயரத்தில் இருந்த ஆறு வால்வுச் சக்கரங்களுக்கு நடுவே நின்று, மேலே பல்லாயிரம் பேர் சாகாமல் இருக்க மூன்று வருடமாக நாள் தவறாமல் அவற்றைத் திருகிய கைகள் அவை. ஒரு மகனைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகு இத்தனை பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள், இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகளுக்கும் அன்றுவரை அது தோன்றியதில்லை.

முப்பது நிமிடம். முப்பத்து மூன்று. கோதைக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. இப்போது தோளைத் தொட்டால் போதும். “அம்மா” என்று ஒரு தடவை சொன்னால் போதும். எழுந்து, இரண்டு படி ஏறி இறங்கிவிட்டு மறுபடி உட்காரலாம். மறுபடி தூக்கம் வருமா என்பது யாருக்குத் தெரியும்? முப்பத்தைந்தாவது நிமிடத்தில் கையை நீட்டினாள். விரல்கள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. ஆந்தைகளை நினைத்தாள். அந்த இரண்டு பஞ்சு உருண்டைகளை நினைத்தாள். கம்பி வேலியை, எண் போட்ட இருக்கைகளை நினைத்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பதாவது நிமிடத்தில் அம்மாவின் மணிக்கட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது. மிகச் சின்ன வெளிச்சம். கோதை அதைத் தன் உள்ளங்கையால் மூடினாள், அது அம்மாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

தமயந்தி ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். விழித்தபோது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு கணம் மகளைப் பார்த்துவிட்டு, நாணியவள்போல வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து நிம்மதித் துறையிலிருந்து ரிஸ்வானா என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தாள். இருபத்தாறு வயதுதான் இருக்கும். தோளில் அளவைக் கருவிப் பை. மூன்று வருடம் பூஜ்யத்தில் இருந்த ஒருவருடைய வளை, திறந்த வெளியில் தொண்ணூறு நிமிடம் தொடர்ந்து நிம்மதி காட்டியதைத் துறையில் யாரும் நம்பவில்லை, கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள் என்றாள். சட்டத்தின் நாற்பது நிமிடக் கணக்கையும் விளக்கினாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கோதைதான் அழைத்துக்கொண்டு போனாள்.

ரிஸ்வானா விளிம்பில் நின்று கருவியை வெளியே எடுக்கவே இல்லை. பாறையில் இறங்கி உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறை கடைசியாக வந்து எட்டு மாதம் ஆயிற்று, துறையில் வேலை செய்பவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று பிறகு சொன்னாள்.

இங்கே என்னென்ன கட்டுவீர்கள் என்று கோதை கேட்டாள். படிக்கட்டு, கைப்பிடி, இருக்கை, விளக்கு, இசை என்று ரிஸ்வானா சொல்லிக்கொண்டே வந்தாள். கோதை அவளை நிறுத்தி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஆந்தைகள் எந்தப் பிளவில், எந்த மாதத்தில். தண்ணீர் எந்தப் படிவரை ஏறும். விளக்கு போட்டால் எது எது ஓடிவிடும். எத்தனை பேர் உட்கார்ந்தால் தவளைகள் அடங்கிப்போகும். அழாமல் சொல்லி முடித்ததே பெரிய காரியமாக இருந்தது. ரிஸ்வானா ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு விவரத்தோடு ஓர் இடம் இதுவரை எங்களுக்குக் கிடைத்ததில்லை என்றாள்.

அன்று மாலை சாப்பிடும்போது தமயந்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நாப்பது நிமிஷம் ஆச்சுன்னா போயிடும்னு உனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். ஏன்டி என்னை எழுப்பல?”

“நீ தூங்கிட்டிருந்தம்மா.”

தமயந்தி சாப்பிட்டு முடித்தாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் கையை மகளின் தலையில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அந்த இரவு அவள் ஐந்து மணி நேரம் தூங்கினாள். உறக்க விடுதிக்கு அவள் போகவேண்டி வரவில்லை.

தை மாதத்தில் கல்குழி நிம்மதித் தலம் 23 ஆயிற்று. கோதை கேட்டவற்றில் சில நடந்தன, சில நடக்கவில்லை. வடக்குச் சுவர்ப்பக்கம் யாரும் போகக்கூடாது என்று அடைத்தார்கள். விளக்கும் இசையும் வைக்கவில்லை. ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் விடவில்லை. ஆனால் படிக்கட்டுக்காகப் பாறையைக் குடைந்தபோது எழுந்த சத்தத்தில் ஆந்தைகள் போய்விட்டன; அந்த வருடம் முட்டையிடவில்லை. கோதை பல வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. வேலி வழியாகப் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

அவர்களுடைய முறை ஆனியில் வந்தது. தமயந்தி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனாள். வேறு பதினெட்டுப் பேரோடு இறங்கி, ஒரு பாறைப் படியில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். இந்தக் கூட்டத்தில் தான் எரிச்சலோடுதான் இருக்கப்போகிறோம் என்று கோதை நினைத்திருந்தாள். குருவிகள் வந்தன. மேற்கு நிழல் தண்ணீரின் மேல் நகர்ந்தது. ஒரு பள்ளி ஆசிரியை செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தண்ணீரில் வைத்தாள். இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டே வந்தவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்கள். யாரும் வளையைப் பார்க்கவில்லை. முதல் நாள் தன் மேல் செய்த வேலையைப் பாறை ஒவ்வொருவர் மேலும் செய்வதைக் கோதை வெளியிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். இரண்டு வருடம் முன்பு தன் முகமும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அரைமணி முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஒரே ஒருவர் எழவில்லை. தடித்த உடம்பு, பேருந்து ஓட்டுநர் சீருடை; பாறையில் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காவலர் படியிறங்கி வந்து அவரை எழுப்பக் குனிந்தார். அடுத்த வரிசையில் மேலே காத்திருந்தவர்களில் முதலாவதாக நின்ற ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐந்து மாதம் காத்திருந்து வந்தவள், அங்கிருந்தே சொன்னாள்:

“எழுப்பாதீங்க. தூங்கட்டும். அவரு இடத்துக்கு வர வேண்டியவ நான்தான், நான் நிக்கிறேன்.”

காவலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், தூங்குபவரைப் பார்த்தார், பிறகு ஓசைப்படாமல் படியேறிப் போனார்.

தூங்குபவரை எழுப்பக்கூடாது என்று தலம் 23-இன் விதிப் பலகையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்றுமுதல் அங்கே யாரும் யாரையும் எழுப்பியதில்லை. கொஞ்ச நாளில் மற்றத் தலங்களிலும் அப்படியே ஆயிற்று. சில நாட்களில் வரிசை ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகும். வெயிலில் நிற்பவர்கள் விளிம்புக்கு வந்து கீழே எட்டிப்பார்ப்பார்கள். யாராவது அங்கே தூங்கிக்கொண்டிருந்தால், தமக்குள் பேசுவதையும் நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.